கூழைக்கடாவும் ஒற்றை முள்ளும்

ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் இருக்கும் ஸ்கைவே மீன்பிடிப் பாலம் ஒரு விபத்தின் மிச்சம். 1980 மே 9 அன்று சரக்குக் கப்பல் மோதிப் பழைய பாலம் இடிந்ததில் 35 பேர் இறந்தனர். 1987இல் புதுப் பாலம் வந்தபின், பழையதில் எஞ்சிய பகுதிகள் தூண்டில்காரர்களின் வசமாயின. காரைப் பாலத்தின் மேலேயே ஓட்டிச்சென்று நிறுத்திவிட்டு மீன் பிடிக்கலாம். தனி உரிமமும் வேண்டாம். பாலத்துக்கு இருக்கும் உரிமமே போதும். படகு வாங்க வசதியில்லாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

2023 அக்டோபர் 1 முதல் இங்கே புது விதிகள். தூண்டில் போடுபவர் ஆண்டுக்கொரு முறை இலவசப் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். நவம்பர் 16 முதல் மார்ச் 15 வரை ஒரு நரம்பில் ஒரு முள்தான். ஒருவருக்கு இரண்டு தூண்டில்களுக்கு மேல் கூடாது.

காரணம் கூழைக்கடா. குளிர்காலத்தில் அவை இங்கே திரளும். ஒரே நரம்பில் ஐந்தாறு சிறு முட்களைக் கோத்த 'சபிக்கி'யில் மத்தி போன்ற இரைமீன்கள் வரிசையாகத் துள்ளி மேலே வரும்போது, பறவை பாய்கிறது. மீனோடு முள்ளும் குத்துகிறது. பதறிப்போன மனிதர் நரம்பை அறுத்துவிடுகிறார். அங்கேதான் காரியம் கெடுகிறது. நரம்பை இழுத்துக்கொண்டு பறந்த பறவை அலையாத்திக் கிளையில் சிக்கித் தொங்கியே சாகும். அறுக்காமல் சுற்றி இழுத்து, தலையைத் துணியால் மூடி, முள்ளை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் அந்தப் பாடம் சொல்கிறது.

தூண்டில்காரர்களின் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. உயிர் இரை பிடிக்க சபிக்கியைவிட வேகமான வழி இல்லை. நம் வஞ்சிரத்தின் உறவான ஸ்பானிஷ் மேக்கரலுக்கும் பலமுள் நரம்பைத்தான் பலர் நம்புகிறார்கள். மாலையில் மனம் போனபோக்கில் வந்து நிற்கும் சுற்றுலாப் பயணிக்குப் பாடம் என்றாலே எரிச்சல்.

ஆனாலும் பாடம் சரியே. உரிமம் வாங்கத் தேவையில்லாதவரிடம் அரசு பேசுவதற்கு வேறு சந்தர்ப்பமே இல்லையே. முள் விதியும் ஒரு பாலத்துக்கும் சில மாதங்களுக்கும் மட்டுமானது. தொல்லை எங்கே, எப்போது என்று பார்த்து அளவெடுத்துத் தைத்த சட்டை.

எல்லா விதியும் இப்படி அமைவதில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2022இல் பொழுதுபோக்குக்காரர்கள் பிடித்துச் சென்ற கோடுபோட்ட பாஸ் மீன் முந்தைய ஆண்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கானது. 2023இல் அவசர விதி வந்தது: கடலில் பிடித்தால், 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்கும் மீனை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மீன்வளத்துக்கு அது தேவைதான். ஆனால் படகுக்காரர் மீன் கூட்டத்தைத் தேடிப் போய் அளவான மீன் கிடைக்கும்வரை முயலலாம். பாலத்தில் நிற்பவருக்கு வந்து கடித்ததுதான் மீன். காகிதத்தில் ஒரே விதி, சுமை வேறு.

ஸ்கைவே முள் விதியை ஆண்டு முழுவதும் நீட்டலாமா என்ற பேச்சு எழுந்தால், சிக்கிய பறவைகளின் கணக்கைக் குளிர்காலம்வாரியாகப் பாலத்தின் வாயிலிலேயே எழுதி வைத்துவிட்டு அரசு பேசட்டும்.