எதிராளி பேசுவதைக் கேளுங்கள்

நாடக ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளிடம் நடித்துக் காட்டச் சொன்னால், உடனே அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால், நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் 1935 முதல் பாடம் எடுத்த சான்ஃபோர்ட் மைஸ்னர் முதலில் கேட்கத்தான் கற்றுக்கொடுத்தார்.

அவர் வகுப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். "நீ நீலச் சட்டை போட்டிருக்கே." "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்." திரும்பத் திரும்ப இதேதான். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு எரிச்சல் வரும், மற்றவருக்குச் சிரிப்பு. வார்த்தை அதேதான், குரல் மாறிவிடும். யாரும் திட்டமிடாத அந்த மாற்றம்தான் அவருக்கு வேண்டியது. இன்னொரு நடிப்பு ஆசிரியரான லீ ஸ்ட்ராஸ்பர்க் போல, பழைய துக்கத்தைத் தோண்டியெடுப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. எனக்கும்தான்.

தொண்டைப் புற்றுநோயில் குரல்வளை போன பிறகும், மூக்குக் கண்ணாடியில் மைக் மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்த மனிதர் அவர்.

அவருடைய மாணவர் ராபர்ட் டுவாலை 'தி காட்ஃபாதர்' படத்தில் பாருங்கள். குடும்பத்தின் மூத்த மகன் சன்னி இறந்த செய்தியை அவனுடைய தந்தையிடம் சொல்ல வாய் வராமல், கையில் மதுவோடு உட்கார்ந்திருப்பார். நம் சீரியல்காரர்கள் இதே காட்சிக்கு இடி இடிக்கவைத்து, மூன்று முறை முகத்தை நெருங்கிக் காட்டியிருப்பார்கள்.