குரலுக்குள் குடும்பக் கதை தேடுவோர்க்கு

'காகஸ் கே பூல்' (1959) படத்தில் கீதா தத் பாடிய அந்தச் சோகப் பாடலைப் பற்றிப் பேச்செழுந்தால், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து நம் இலக்கிய நண்பர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே குரு தத்தின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இயக்கியவர் கணவர்; நாயகி வஹீதா ரஹ்மான்; பாடியவர் மனைவி. 'சொந்தத் துயரம் ஐயா, அதனால்தான் இப்படி உருக்குகிறது' என்று தீர்ப்பும் ஆகிவிடுகிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை. துயரமே பாட்டாகிவிடுமானால் ஆவடி மின்ரயிலில் பாதிப் பேர் பாடகர்களாக இருப்பார்கள்.

முதலில் பாடலைக் கேட்போமே. எஸ்.டி. பர்மன் இசை, கைஃபி ஆஸ்மியின் சொற்கள். குரல் உயர்ந்து வெடிக்கும் என்று நாம் காத்திருக்கும் இடத்தில் அது தணிகிறது. விம்மல் இல்லை, நீட்டி முழக்கல் இல்லை. வரி முடிந்ததும் ஒலியை அங்கேயே விட்டுவிடுகிறார். மிச்சத்தை நாம் சுமக்கிறோம். திரையிலும் எவரும் வாயசைப்பதில்லை. வெறிச்சோடிய படப்பிடிப்புத் தளம், வி.கே. மூர்த்தி இறக்கிய ஒளிக்கற்றை, விலகி நிற்கும் இருவர். பாட்டு இன்னாருடையது என்று சொல்லப் படமே மறுக்கிறது. அதில் பெயரொட்ட நாம் துடிப்பானேன்?

அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. வகுப்பறையில் அதை மணிக்கணக்காக விளக்குகிறோம். ஆயினும் வெள்ளிவீதியாரின் பாடல்களை அவருடைய வாழ்க்கைக் குறிப்பாகவே வாசிக்கும் வழக்கம் நம் துறையில் இருக்கிறது. கபிலர் பாடிய தலைவியின் துயரம் யாருடையது என்று எவரும் துருவியதில்லை. இசையிலும் இதே கதைதான். தலத் மஹ்மூதின் குரல் நடுங்கினால் பாணி, பி.பி. ஸ்ரீனிவாஸ் மென்மையாகப் பாடினால் தேர்ச்சி. கீதா தத் அடங்கிப் பாடினால் மட்டும் நாட்குறிப்பு!

அடக்கம் அவர் தேர்ந்துகொண்டது. இதே பர்மன் இசையில் 'பாஜி' (1951) படத்துக்காக அவர் பாடிய கேளிக்கை விடுதிப் பாட்டின் துள்ளலைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குரு தத்தை அவர் சந்தித்ததே அந்தப் படத்தின் பாடல் பதிவில்தான். மணம் புரிந்தது 1953இல். அதற்கெல்லாம் முன்பே, 1947இல், 'தோ பாய்' படத்தில் கனவு கலைந்த ஒருத்தியின் சோகத்தைப் பர்மன் இசையில் பாடிப் புகழ்பெற்றிருந்தார். 1930 நவம்பரில் பிறந்தவர் அவர். அந்தச் சிறு வயதுக் குரலுக்குள் நண்பர்கள் எந்தக் கணவரைத் தேடப் போகிறார்கள்?