கேபினில் இடம் செய்வோம், மருந்துக்கு அல்ல!

மாட்டு வண்டிக் காலத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் இருந்தது. வண்டியின் அடியில் சாக்கைத் தொட்டில்போல் கட்டி அதில் வைக்கோல் வைப்பார்கள். அரிக்கேன் விளக்கும் அடியிலேயே தொங்கும். சோற்றுப் பாத்திரத்துக்கு ஒரு மூலை, கயிற்றுக்கு ஒரு கம்பு. இருட்டில் கை நீட்டினாலும் வேண்டியது கிடைக்கும்.

இன்று அஞ்சுகிராமம் வட்டாரத்தில் அந்த வேலையைப் பிக்-அப் வேன்களும், ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு லாரிகளும் செய்கின்றன. 2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் வந்தபின், முக்கால் டன் அளவு சரக்கை விவசாயி தாமே சந்தைக்குக் கொண்டு செல்ல வழி பிறந்தது. இது நல்ல மாறுதலே. ஆனால் இந்த வண்டிகளில் சரக்குக்கு இடம் இருக்கிறதே தவிர, ஆளுடன் வரும் சாமான்களுக்கு இடம் இல்லை.

விடியுமுன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்படும் ஒரு வண்டியின் கேபினை எட்டிப் பாருங்கள். வெட்டுக்கத்தி, கயிற்றுச் சுருள், ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தூக்கு, துவர்த்து, கமிஷன் கடைச் சீட்டுகள், வண்டிப் புத்தகம், பணப்பை எல்லாம் இருக்கையிலும் காலடியிலுமாகக் கிடக்கும். திரும்பி வரும்போது இவற்றோடு உரப்பையும் பூச்சிமருந்துப் பாட்டிலும் சேர்ந்துகொள்ளும்.

பிரேக்குக்கு அடியில் பாட்டில்

இது வெறும் ஒழுங்கின்மை என்று தள்ளிவிட முடியாது. மயிலாடிப் பாதையில் ஒருநாள் எதிரே ஆடுகள் குறுக்கிட்டன. பிரேக்கை மிதித்தேன், மிதி பாதியில் நின்றுவிட்டது. காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் உருண்டு அதன் கீழே சிக்கியிருந்தது. கை பிரேக்கை இழுத்ததால் ஆடுகளும் தப்பின, நானும் தப்பினேன். வண்டியில் ஒரு பழுதும் இல்லை. பாட்டிலுக்கு ஓர் இடம் வைக்காத பழுது என்னுடையதுதான்.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். 14 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும் வேகமும் ஏறக்குறைய அதுவே. அந்தத் தேங்காய்க்குக் கீழே தலையைக் காட்ட நம்மில் எவரும் துணிய மாட்டோம். ஆனால் வெட்டுக்கத்தியையும் ஜாக்கியையும் முதுகுக்குப் பின்னால் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தினமும் சந்தைக்குப் போகிறோம்.

செலவு பெரிதல்ல

புது வண்டி வாங்கியதும் பாட்டுப் பெட்டிக்கும் வண்ண விளக்குக்கும் பணம் செலவிடுகிறோம். அதில் ஒரு பகுதியை இடம் செய்வதற்கு ஒதுக்கினால் போதும். இருக்கை தைக்கும் கடைக்காரரும் ஊர்த் தச்சரும் சேர்ந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

இருக்கையின் முதுகுக்கும் கேபினின் பின்தகரத்துக்கும் இடையே பல வண்டிகளில் சிறிது இடைவெளி உண்டு. அதன் அளவுக்கு ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று செய்து, கொக்கியுள்ள மூடி போட்டால் ஜாக்கிக்கும் ஸ்பானருக்கும் அதுவே வீடு. பெட்டி பின்கண்ணாடியை மறைக்கக் கூடாது. வெட்டுக்கத்திக்கு உறை போட்டு இதே பெட்டியில் படுக்க வைக்க வேண்டும். சீட்டுகளுக்கும் வண்டிப் புத்தகத்துக்கும் மூடியுள்ள ரெக்சின் பை ஒன்றை இருக்கையின் முதுகில் தைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலுக்குக் கதவுப் பக்கம் ஒரு வளையம் போதும். தலைக்கு மேலே வலை கட்டினால் துவர்த்து, காகிதம் போன்ற இலேசான பொருள்களை மட்டுமே வைக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி எட்டிய கைக்குக் கிடைக்க வேண்டும். அதன்மேல் வேறு எதையும் அடுக்கக் கூடாது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மூன்று மிதிகளின் பக்கமும், கியர், கை பிரேக் பக்கமும் எதையும் பொருத்தக் கூடாது. தகரத்துக்குப் பின்னால் மின்கம்பியோ எரிபொருள் குழாயோ ஓடலாம். ஆகவே கண்ட இடத்தில் துளை போடாமல், ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளையே பயன்படுத்த வேண்டும். சில வண்டிகளில் இருக்கைக்கு அடியில்தான் என்ஜின் இருக்கிறது; அங்கே துணியோ காகிதமோ திணிப்பது தீயை அழைப்பதாகும். இருக்கையை அகற்றுவது, கேபின் தகரத்தை வெட்டுவது போன்ற பெரிய மாறுதல்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் செய்யலாகாது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

எதற்கு இடம் தரக்கூடாது?

இடம் செய்தபின் ஒரு ஆபத்து வரும். இடம் இருக்கிறதே என்று பூச்சிமருந்தையும் உள்ளே வைக்கத் தோன்றும். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். பூட்டிய கேபினில் வெயில் ஏறினால் மருந்தின் ஆவி உள்ளேயே தங்கும். மூடி கசிந்தால் சோற்றுத் தூக்கிலும், மடியில் இருக்கும் குழந்தையின் கையிலும் படும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 1958-ம் ஆண்டு நடந்ததை நாம் மறக்கலாகாது. கோதுமை மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் வந்தது. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அதை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன் விளைவாகப் பிறந்ததே 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் ஒட்டும்படி பூச்சிமருந்தைக் கொண்டு செல்லக் கூடாது என்று 1971-ம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. கப்பலுக்கு உள்ள ஆபத்து குட்டி யானைக்கும் உண்டு.

“பின்னால் வைத்தால் களவு போகுமே, மழையில் நனையுமே” என்பார்கள். நியாயமான கேள்விதான். சரக்குத் தட்டின் மூலையில், பூட்டும் மூடியும் உள்ள சிறு தகரப் பெட்டி ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும். அந்தப் பெட்டி மருந்துக்கு மட்டுமே. வாழைத்தாரோ அரிசியோ தீவனமோ ஏற்றும் நடையில் அதில் மருந்து இருக்கக் கூடாது.

வண்டி செய்யும் கம்பெனிகளும் இதைக் கவனிக்க வேண்டும். சுமை எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று விளம்பரம் செய்கிறவர்கள், ஒரு வெட்டுக்கத்தியும் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் எங்கே இருக்கும் என்று ஒரு விவசாயியைக் கேட்டுவிட்டுக் கேபினை அமைக்கட்டும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நடைக்கு முன்னால், காலடியில் கிடப்பதை எடுத்து அதற்கு ஓர் இடம் செய்வோம். வாழைத்தார் சந்தை சேர்வது போலவே, ஓட்டிச் சென்றவரும் வீடு திரும்ப வேண்டும்.