நிரூபிக்க வேண்டியவர் வாக்காளர் அல்ல

அலபாமா மாநிலத்தின் டாலஸ் கவுன்டியில் 1961இல் வாக்களிக்கும் வயதை எட்டியிருந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களில் வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றிருந்தவர்கள் 156 பேர்தான். அமெரிக்க நீதித் துறை அந்த ஆண்டு வழக்குத் தொடுத்தது. நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய பிறகு அந்த எண்ணிக்கை 383 ஆனது. செல்மா நகரம் இருப்பது இந்தக் கவுன்டியில்தான்.

உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. நிறத்தின் பேரால் யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15ஆம் திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் லூசியானாவில் 1896இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. தேர்தலை நாடு முழுவதும் நடத்தும் பொது ஆணையம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது; விதியை வகுப்பது மாநிலம், பட்டியலைக் கையில் வைத்திருப்பது உள்ளூர் அலுவலகம். வாக்களிப்பதற்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு, மனம்போன போக்கில் மதிப்பெண் போடும் பதிவாளர் என்று தடைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றை நீதிமன்றம் தகர்த்தால் அதன் இடத்தில் இன்னொன்று முளைத்தது. புதிய தடையை எதிர்த்துப் புதிய வழக்குத் தொடுத்து அது முடிவதற்குள் இரண்டு தேர்தல்கள் போய்விடும்.

1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் மீது காவலர்கள் தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகை வீசினார்கள். ஊர்வலத்தை முன்னின்று நடத்திய 25 வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. ஆகஸ்ட் 6இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி அதன் 5ஆம் பிரிவு. பாகுபாடு காட்டிய வரலாறுள்ள மாநிலங்களும் கவுன்டிகளும் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை இடம் மாற்றுவதாக இருந்தாலும், முதலில் நீதித் துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் பெற வேண்டும். மாற்றத்தால் யாருக்கும் பாதகமில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதுவரை மாற்றம் நடைமுறைக்கு வராது. உரிமை இழந்தவர் வழக்காடிக் காத்திருந்த நிலை மாறி, விதியை மாற்ற விரும்பியவர் காத்திருக்கும் நிலை வந்தது. மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பினப் பதிவு 1967இல் 59.8 விழுக்காட்டைத் தொட்டது. பட்டியலில் நேரடியாகப் பெயர் சேர்க்க மத்திய அரசு அனுப்பிய அலுவலர்களும் எழுத்தறிவுத் தேர்வுக்கு விதிக்கப்பட்ட தடையும் அதற்குத் துணை நின்றன. அந்தப் பலன் பறிபோகாமல் காத்தது முன் ஒப்புதல் விதி.

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செயலிழக்கச் செய்தது. 5ஆம் பிரிவை நீதிமன்றம் நேராகத் தொடவில்லை. யார் ஒப்புதல் பெற வேண்டும் என்று தீர்மானித்த சூத்திரத்தை 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. சூத்திரம் போனதும் 5ஆம் பிரிவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சூத்திரம் 1960களையும் 70களையும் சேர்ந்த விவரங்களில் நிற்கிறது, தென் மாநிலங்கள் மாறிவிட்டன என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

இந்த வழக்கைத் தொடுத்த அலபாமாவின் ஷெல்பி கவுன்டியிலேயே அதற்குப் பதில் இருந்தது. அங்குள்ள கலேரா நகரம் 2008இல் ஒப்புதல் இல்லாமலே வார்டு எல்லைகளை மாற்றித் தேர்தல் நடத்தியது. கறுப்பினத்தவர் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்த ஒரே வார்டில் அவர்களின் பங்கு 30க்கும் கீழே போனது. நகர மன்றத்தின் ஒரே கறுப்பின உறுப்பினர் தோற்றார். 5ஆம் பிரிவு இருந்ததால்தான் தேர்தலை மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. அவர் வென்று திரும்பினார்.

தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், முன் ஒப்புதல் மறுக்கப்பட்டு முடங்கியிருந்த, வாக்களிக்க அடையாள அட்டை கேட்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. அந்தச் சட்டப்படி கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. சில வாரங்களில் வட கரோலினா முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களை 17இலிருந்து 10 ஆகக் குறைத்தது. எந்த வசதியை எந்த இனத்தவர் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தைச் சட்டமன்றம் முன்னதாகவே கேட்டு வாங்கியிருந்தது. கறுப்பினத்தவரை அறுவை சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைத்த சட்டம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது 2016இல். இடையில் 2014 தேர்தல் முடிந்திருந்தது. அதில் வாக்களிக்க முடியாமல் போனவருக்கு எந்தத் தீர்ப்பும் அந்த நாளைத் திருப்பித் தராது.

சூத்திரம் பழையது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் புதியதை எழுத வேண்டும். ஜான் லூயிஸ் பெயரில் 2021இல் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றிய மசோதா அதைத்தான் செய்ய முயன்றது: கடந்த 25 ஆண்டுகளில் நடந்த மீறல்களைக் கணக்கிட்டே யாருக்கு ஒப்புதல் தேவை என்று முடிவு செய்ய வகை செய்தது. சில மாநிலங்களை மட்டும் நிரந்தரமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா என்ற கேள்விக்கும் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே விடை உண்டு. 10 ஆண்டுகள் தவறில்லாமல் நடந்துகொண்ட பகுதி விலக்கு கேட்டுப் பெறலாம். விர்ஜீனியாவில் பல கவுன்டிகள் அப்படி விலக்குப் பெற்றன.

2006இல் முன் ஒப்புதலை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 390, எதிர்ப்பு 33. மேலவையில் 98 பேர் ஆதரித்தனர், எதிர்த்தவர் எவரும் இல்லை. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ் அதில் கையெழுத்திட்டார். அந்த 98 பேரில் ஒருவரான மிட்ச் மெக்கானல், 2021இல் ஜான் லூயிஸ் மசோதா தேவையே இல்லை என்றார். விவாதத்தைத் தொடங்கவே 60 வாக்குகள் வேண்டும் என்ற மேலவையின் நடைமுறை விதியில் மசோதா சிக்கி நின்றது. அந்த 60ஐ அரசமைப்பு கேட்கவில்லை. மேலவை தனக்குத் தானே விதித்துக்கொண்டது அது. வாக்குரிமை மசோதாக்களுக்காவது அந்த விதியைத் தளர்த்தி, சாதாரணப் பெரும்பான்மையில் முடிவெடுக்க மேலவை முன்வர வேண்டும். மாநிலங்கள் அடுத்து தொகுதி எல்லைகளை வரைவதற்குள் முன் ஒப்புதல் விதி மீண்டும் சட்டமாக வேண்டும்.