அறிவிப்பு வராத கோப்பும் கோப்புதான்

சிமென்ட் ஆலை ஆய்வகத்தில் மணிக்கொரு முறை ரா மீல் மாதிரி எடுப்பார்கள். அதை வில்லையாக அழுத்தி எக்ஸ்-ரே கருவிக்குள் வைத்தால், கால்சியம், சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆகியவற்றின் அளவு சில நிமிடங்களில் சிறு கோப்பாக ஒரு ஃபோல்டரில் வந்து விழும். அதைப் படிக்கும் நிரலை வைத்துத்தான் எந்தக் கல் எந்த விகிதத்தில் அரைவைக்குப் போக வேண்டும் என்று திருத்துகிறார்கள். அரியலூரில் இந்தத் திருத்தத்தைத் தள்ளிப்போட முடியாது. இங்குள்ள சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியஸ் காலக் கடலின் படிவு. ஒரே சுரங்கத்தில் ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் தரம் மாறும். ஒரு மணி நேரத்துக் கோப்பு தவறினால், பழைய கணக்கில் அரைத்த மாவுதான் சூளைக்குப் போகும்.

ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழூர், அரசு ஆலை என்று சிமென்ட் ஆலைகள் நெருங்கிக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் இன்னொரு வகைத் தரவும் உண்டு. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகையையும் கழிவுநீரையும் இணையவழியில் இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. சிமென்ட் அவற்றில் ஒன்று. புகைபோக்கிக் கருவியின் அளவீடு டேட்டா லாகர் வழியாக வாரியங்களின் சர்வர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வழியில் ஒரு ஃபோல்டரும் அதைக் கவனிக்கும் ஒரு நிரலும் இருந்தால், அங்கே தவறும் ஒவ்வொரு கோப்பும் சுற்றுவட்டார மக்கள் சுவாசிக்கும் காற்றின் பதிவேட்டில் விழும் ஓட்டை.

இத்தகைய நிரல்களை எழுதுபவர்களும் பராமரிப்பவர்களுமே இந்த இதழின் வாசகர்கள் என்பதால் நேராகவே சொல்கிறோம். ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த ஃபோல்டரே சாட்சி. இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பு, சீக்கிரம் போய்ப் பார் என்ற தூண்டுதல் மட்டும்தான். அறிவிப்பையே ஆதாரமாக வைத்துக் கட்டிய நிரல் என்றாவது ஒரு நாள் கோப்பைத் தவறவிடும். தவறவிட்டது தெரியாமலேயே தொடர்ந்து ஓடும்.

லினக்ஸில் இந்த அறிவிப்பைத் தரும் ஐநோட்டிஃபை 2005-இல் 2.6.13 கர்னலுடன் வந்தது. அதன் வரம்புகளைக் கையேட்டுப் பக்கமே ஒளிக்காமல் சொல்கிறது. நிகழ்வுகளை வைத்திருக்கும் வரிசையில் இயல்பாக 16,384 நிகழ்வுகளுக்குத்தான் இடம். நிரம்பினால் மிச்சம் கொட்டிப்போகும், ஓவர்ஃப்ளோ என்ற ஒற்றை நிகழ்வு மட்டும் வரும். அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி நிகழ்வுகளைக் கர்னல் ஒன்றாக்கிவிடும், ஆகவே நிகழ்வுகளை எண்ணிக் கோப்புகளை எண்ண முடியாது. உள் ஃபோல்டர்களைத் தானாகக் கவனிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி வாட்ச் வேண்டும். புதிய உள் ஃபோல்டர் உருவாகி, நாம் அதற்கு வாட்ச் வைப்பதற்குள் அதில் கோப்பு விழுந்துவிட்டால் அந்தக் கோப்புக்கு அறிவிப்பே இல்லை. விண்டோஸும் இதற்கு விலக்கல்ல. டாட்நெட்டின் ஃபைல்சிஸ்டம்வாட்சர் இயல்பாக 8,192 பைட் பஃபரோடு தொடங்குகிறது. அது வழிந்தால் எரர் நிகழ்வு எழும். அந்த நிகழ்வுக்குக் கையாளி எழுதாத நிரல் எதுவும் நடக்காததுபோல் நகரும். ஆப்பிளின் எஃப்எஸ்ஈவன்ட்ஸ், தவறு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் உள் ஃபோல்டர்களை மறுபடி அலசும்படி ஒரு கொடியைத் தூக்கிக் காட்டுகிறது. மூன்று இயங்குதளங்களுமே தங்கள் அறிவிப்பை முழுதாக நம்பவேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கின்றன.

இவற்றிலெல்லாம் ஏதோ ஓர் அடையாளமாவது கிடைக்கும். ஆலைகளில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது அடையாளமே தராத ஒரு பிழையை. எக்ஸ்-ரே கருவியின் கணினி விண்டோஸ். அதன் பகிர்வு ஃபோல்டரை லினக்ஸ் சர்வரில் மவுன்ட் செய்து, அதன்மேல் ஐநோட்டிஃபை வைத்ததாகக் கொள்ளுங்கள். வாட்ச் வைக்கும் அழைப்பு வெற்றி என்று திரும்பும். ஆனால் ஐநோட்டிஃபைக்குத் தெரிவதெல்லாம் அதே சர்வரின் வழியாக நடந்த மாற்றங்களே. வலையின் மறுமுனையில் கருவி எழுதிய கோப்பைப் பற்றி ஒரு நிகழ்வும் வராது. என்.எஃப்.எஸ். பகிர்விலும் இதே கதிதான். மேசைமேல் உள்ளூர் ஃபோல்டரில் சோதித்தபோது அருமையாக ஓடிய நிரல், ஆலையில் பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லாமல் ஊமையாக நிற்கும். பதிவேட்டைத் திறந்து பார்ப்பவருக்குக் கோப்பு வராத அமைதிக்கும் காது கேளாத அமைதிக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே அலசலை அடித்தளமாக வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஃபோல்டரை முழுதாகப் படித்து, ஏற்கெனவே கையாண்டவற்றின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியல் நினைவகத்தில் மட்டும் இருக்கக்கூடாது, மின்தடைக்குப் பிறகும் மிஞ்சும்படி வட்டில் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தால் அடுத்த நிமிடம்வரை காத்திராமல் உடனே அலசுங்கள். ஓவர்ஃப்ளோ வந்தாலும் அதே அலசல்தான். நிரல் தொடங்கும்போது வாட்சை முதலில் வைத்துவிட்டு, பிறகு அலசுங்கள். வரிசையை மாற்றினால் இடையில் விழுந்த கோப்பு அடுத்த அலசல் வரை தெரியாமல் கிடக்கும். ஒரே கோப்பு இருமுறை கண்ணில் படும். அதனால் கெடுதல் வராதபடி கையாளும் பகுதியை எழுதுவது நம் பொறுப்பு.

கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு மாறியவை எவை என்று கேட்கும் அலசல் மட்டும் வேண்டாம். ரோபோகாப்பி போன்ற கருவிகள் கோப்பின் பழைய மாற்ற நேரத்தை அப்படியே கொண்டுவரும். இன்று வந்து சேர்ந்த கோப்பு நேற்றைய தேதியோடு நிற்கும். கருவிக் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தாலும் இதே விளைவு. மாற்ற நேரம் முந்தியதா பிந்தியதா என்று பார்க்காமல், பட்டியலில் இருப்பதிலிருந்து வேறுபடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முழு அலசல் செலவு பிடிக்கும் என்பார்கள். 10 புகைபோக்கிகள், 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்றால் நாளுக்கு 960, ஆண்டுக்கு மூன்றரை லட்சம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் குவித்தால் வலைப் பகிர்வில் அலசல் திணறத்தான் செய்யும். கையாண்ட கோப்புகளைத் தேதிவாரி ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டால் அலச வேண்டியவை எப்போதும் சில பத்துக்குள் அடங்கும்.

கோப்பு வந்துவிட்டது என்பதும் எழுதி முடிந்துவிட்டது என்பதும் வேறு வேறு. எழுதும் நிரல் நம் கையில் இருந்தால் தீர்வு எளிது. அதே கோப்பு முறைமையில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பிறகு இறுதிப் பெயருக்கு ரீநேம் செய்ய வேண்டும். படிப்பவர் தற்காலிகப் பெயர்களைத் தொடக்கூடாது. கருவி நிறுவனத்தின் மூடிய மென்பொருள் என்றால் உள்ளடக்கத்தையே சான்றாகக் கொள்ளுங்கள்: எதிர்பார்க்கும் தனிமங்கள் எல்லாம் இருக்கின்றனவா, கடைசி வரி முழுமையா? கோப்பின் அளவு 5 விநாடி மாறவில்லை என்பது ஊகம். வலை சற்றே சுணங்கினால் அந்த ஊகம் பொய்க்கும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. லினக்ஸில் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; ‘பெரம்பலூர்’ என்ற பெயர் மட்டுமே 30 பைட் எடுக்கும். ‘கொள்ளிடம்’ என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, பைட்டுகளில் வேறு. பட்டியலில் ஒரு வடிவமும் ஃபோல்டரில் மற்றதும் இருந்தால், அந்தக் கோப்பு ஒவ்வொரு அலசலிலும் புதிதாகவே தோன்றும். ஃபோல்டர் தந்த பெயரைத் திருத்தாமல் அதே பைட்டுகளாகச் சேமியுங்கள்.

கடைசியாக, நிரல் தன் நிலையைத் தானே சொல்ல வேண்டும். மணிக்கொரு கோப்பு வரவேண்டிய ஃபோல்டரில் 90 நிமிடமாக எதுவும் வரவில்லை என்றால் ஷிப்ட் பொறியாளருக்கு மணி அடிக்க வேண்டும். இந்த ஒரு விதி மேலே சொன்ன ஊமைப் பிழையை அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், ஆலைகளில் மென்பொருளை ஒப்புக்கொள்ளும் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கவனிக்கும் நிரலை நிறுத்துங்கள். அது பார்க்கும் அதே வலைப் பகிர்வில், வேறொரு கணினியிலிருந்து, உள் ஃபோல்டர்களோடு 20,000 கோப்புகளை எழுதுங்கள். பாதி எழுதும்போது நிரலை மறுபடி தொடங்குங்கள். நடுவில் ஒருமுறை வலைக் கம்பியைப் பிடுங்கிச் செருகுங்கள். முடிந்ததும் எண்ணுங்கள். 20,000-க்கு ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்த ஆவணத்திலும் செய்முறைத் தேர்விலும் இந்தச் சோதனையைச் சேர்த்து, என்ன கண்டீர்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள்; வரும் இதழ்களில் வெளியிடுவோம்.