கையொப்பத்துக்கு யார் சாட்சி?

1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற நமது வீரர்கள் கையொப்பமிட்ட துடுப்பு மட்டை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கூடவே ஒரு சான்றிதழும் இருந்தால் வாங்குபவர் மறுகேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

1990களில் அமெரிக்க எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஒப்பரேஷன் புல்பென்’ விசாரணையில், போலிக் கையொப்பங்களோடு சான்றிதழ்களும் சேர்த்தே விற்கப்பட்டமை அம்பலமானது. அன்னை தெரேசா ஒப்பமிட்டதாகச் சொல்லி ஒரு பேஸ்போல் பந்தைக்கூட உருவாக்கியிருந்தார்கள்! விற்பவரே அச்சிட்டுத் தரும் தாளுக்கு என்ன பெறுமதி? 2001இல் மேஜர் லீக் பேஸ்போல் வேறு வழி கண்டது. மைதானத்திலேயே நின்று கண்ணால் கண்டவர், அந்தப் பொருளில் இலக்கமிட்ட ஹொலோகிராம் வில்லையை ஒட்டுவார். உரித்தால் அது சிதையும். இலக்கத்தைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.

நமக்கு ஹொலோகிராம்கூடத் தேவையில்லை. மட்டக்களப்பில் விளையாட்டு நினைவுகளுக்குக் குறைவில்லை. அவற்றின் பதிவுகள்தான் பேணப்பட வேண்டும். கையொப்பமிட்ட மட்டையையோ பந்தையோ நிதிக்காக ஏலமிடும் கழகங்கள், வீரர் ஒப்பமிடும் தருணத்தையே படம் பிடிக்கட்டும். திகதி, இடம், பார்த்திருந்த இருவரின் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதட்டும். ஏலம் கேட்பவர்கள் பணத்தை எண்ணுமுன் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லட்டும்.