பழைய வண்டியை எடைக்குப் போடலாமா?

கடை வைத்திருக்கும் நம்மில் பலர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சாக்குப் போர்த்தி நிற்கும். அப்பா ஓட்டிய புல்லட்டாக இருக்கும். இல்லையென்றால் ராஜ்தூத், யெஸ்டி. பழைய இரும்பு எடுப்பவர் வரும்போதெல்லாம், "அண்ணாச்சி, சும்மாதானே நிக்குது, எடைக்குப் போட்டுருங்களேன்" என்பார். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். பிள்ளைகளோ அதை அறுத்து, சீட்டைக் குறைத்து, சத்தம் வைத்து ஓட்டலாம் என்பார்கள்.

எடைக்கும் போட வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், துடைத்து வைத்துக் கும்பிடவும் வேண்டாம். பழுது பார்த்து, பழைய வடிவிலேயே ஓட்டிக் கொண்டிருப்போம் என்பது என் கட்சி. இது வெறும் ஆசைப் பேச்சல்ல. பட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

என் தகப்பனார் 1972-இல் வாங்கியது 350 சி.சி. புல்லட். அதில் போய்த்தான் சந்தையில் வத்தல், மல்லி விலை பேசினார். கிராமங்களில் நிலுவை வசூலித்துவிட்டு, ஆறு வோல்ட் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் இரவு வீடு திரும்பினார். பின்னால் கேரியரில் சீனி மூட்டை, முன்னால் டாங்கின் மேல் நான். அவர் காலமான பிறகு ஒன்பது வருடம் அந்த வண்டி நின்றது நின்றபடி இருந்தது. ஐந்தொகையில் தேய்மானம் எழுதி எழுதி அதன் மதிப்பு எப்போதோ சில ரூபாய்க்கு வந்துவிட்டது. பேரேட்டு மதிப்பு வேறு, பொருளின் மதிப்பு வேறு என்பது வியாபாரியான எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

இந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்த ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1970-ஐ ஒட்டித் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்டது. பிறந்த வீடு அழிந்தும் புகுந்த வீட்டில் வண்டி வாழ்ந்தது. 1977-இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. யெஸ்டி செய்த மைசூர் ஆலை 1996-இல் மூடிவிட்டது. புல்லட் இன்றும் வருகிறது. ஆனால் 2009-ஐ ஒட்டிப் புது வகை எஞ்சின் வந்த பிறகு பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் தயாரிப்பு நின்று போயிற்று. இனி இருப்பதுதான் இருப்பு. புதுக் கொள்முதல் கிடையாது.

இனி நான் பட்ட கதை. அப்பாவின் வண்டியைச் சரி செய்ய என் மகன் நகரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனான். பட்டறையின் பெயர் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வந்த வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பின் பக்கத்துச் சட்டத்தை அறுத்து, ஒற்றைச் சீட்டு வைத்து, மட்கார்டுகளைக் கழற்றி, காது கிழிகிற சைலன்ஸர் பூட்டியிருந்தார்கள். பில் 60,000 ரூபாய். கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்டால், பழைய இரும்பில் போய்விட்டது என்றார்கள்.

அதோடு முடியவில்லை. பதிவைப் புதுப்பிக்கப் போன இடத்தில், இந்த உருவத்தில் வண்டியை ஏற்க முடியாது என்றார்கள். அவர்கள் மீது தவறில்லை. கம்பெனி கொடுத்த வடிவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மாற்றம் செய்த பட்டறைக்காரர் பணத்தை வாங்கிக் கொண்டு ஒதுங்கிவிடுவார். பதில் சொல்ல வேண்டியவர் நாம்.

கடைசியில் எங்கள் ஊர் மெக்கானிக் பெரியவர்தான் கை கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நல்ல வேளையாக, சேஸிஸ் எண் இருந்த பக்கம் ரம்பம் போகவில்லை என்றார். பழைய இரும்புக் கடை கடையாகத் தேடி மட்கார்டும் பெட்டியும் எடுத்தார். அறுத்த சட்டத்தைப் பற்ற வைத்தார். சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்துப் போர் அடித்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டார். ஐந்து மாதம் ஆயிற்று. கெடுத்ததற்கு ஆன செலவைவிடச் சரி செய்ததற்குச் செலவு குறைவு. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் அதிலும் பாதிதான் ஆகியிருக்கும்.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல டயர், நல்ல பிரேக் ஷூ, புது ஒயரிங் எல்லாம் தேவைதான். எதைச் செய்தாலும் நாளை பழையபடி திருப்பக் கூடியதாக இருக்கட்டும். கழற்றிய பாகம் ஒரு திருகாணி ஆனாலும் பெட்டியில் போட்டு வீட்டில் வையுங்கள். அறுப்பதும் துளை போடுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது காகிதம். வண்டியைவிட இதில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். பதிவுச் சான்று பல வீடுகளில் இன்னும் காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் ஒன்பது வருடம் விட்டதால் வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்கள் கையெழுத்து என்று அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள்.

50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. மூல வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுக்குச் செல்லும். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டுகிற நினைப்பு இருப்பவர்களுக்குச் சாதாரணப் பதிவே போதும் என்பது என் கருத்து. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. கடையில் பழைய சரக்கை முன்னே எடுத்து வைக்கிறோமே, அந்த ஒழுங்கு போதும். வாரம் ஒரு நாள் பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பலனில்லை. மாதக் கணக்கில் நிறுத்தினால் ஆயில் தன் அறையிலிருந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும்; அது தெரியாமல் உதைத்தால் வீதியெல்லாம் புகைதான். காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆயில் மாற்றும்போது கம்பளி ஃபில்டரையும் மாற்றுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். எனவே டாங்கில் பெட்ரோலை மாதக் கணக்கில் தேக்காதீர்கள்.

'கடையைப் பார்ப்பதா, வண்டிக்கு எண்ணெய் போடுவதா?' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்: விலை ஏறும் என்று நம்பி யாரும் வெளியில் பழைய வண்டி வாங்கிப் போடாதீர்கள். கேட்பவர் வரும்வரை அது முடங்கிய முதல்தான். எஞ்சின் எண்ணும் சான்றும் ஒத்துப் போகாத வண்டி என்றால் அந்த முதலும் போய்விடும். நான் பேசுவது நம் வீட்டிலேயே நிற்கிற வண்டியைப் பற்றி மட்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம் பணம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்.

அவசரம் ஒன்றுதான். பாகத்தைத் தேடி எடுத்துவிடலாம். அதைப் பூட்டத் தெரிந்த கை போய்விட்டால் திரும்ப வராது. எங்கள் மெக்கானிக் பெரியவரிடம் இப்போது வேலை பழகும் பையன் ஒருவன்கூட இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே டாப்பெட் இறுக்கமா தளர்வா என்று சொல்வார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு ஞாயிறு, கடை விடுமுறை நாளில், சங்கக் கட்டட வாசலில் பழைய வண்டிப் பராமரிப்பு முகாம் ஒன்று நடத்துவோம். ஊரிலுள்ள மூத்த மெக்கானிக்குகளை அழைத்து உரிய கூலி கொடுப்போம். உறுப்பினர்கள் வண்டியோடு பிள்ளைகளையும் கூட்டி வரட்டும். பெயர் மாற்றம், புதுப்பித்தல் விண்ணப்பங்களையும் அங்கேயே எழுதிக் கொடுப்போம். முதல் முகாமின் தேநீர்ச் செலவு என்னுடையது.

போன வாரம் என் பேரனுக்கு ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்துச் சற்றே தள்ளி, பிறகு ஒரே உதை. நாலாவது தடவை பிடித்துக் கொண்டது. சத்தம் கேட்டு எதிர்க்கடைப் பெரியவர் எழுந்து வந்து, "உங்கப்பா வசூலுக்குக் கிளம்பிட்டாரோன்னு நினைச்சேன்" என்றார். எடைக்குப் போட்டிருந்தால் அந்தச் சொல்லை எந்த விலை கொடுத்தும் நான் வாங்கியிருக்க முடியாது.